இரு கரைப் பறவைகள்

காலை ஐந்தரைக்குப் பசியாறிவிட வேண்டும். கோத்தா திங்கியில் அந்த நேரத்துக்கே கல் சூடாகிவிடும் மாமாக் கடை உண்டு. ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துக்கொண்டு மெர்சிங் சாலையில் வண்டியைத் திருப்பினால், பொழுது விடியும்போது பாந்திக் காட்டின் வாசலில் இருக்கலாம். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து எங்கள் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. ஏழிலிருந்து ஒன்பதரை வரைதான் பறவை பார்க்கிறவர்களின் நேரம். பிறகு வெயில் ஏறும், பறவைகள் வாயை மூடிக்கொள்ளும், சில்வண்டுகள் மட்டும் விடாமல் கத்தும்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது இதே மாவட்டத்தில், ஒரு கித்தா தோட்டத்து லயத்தில். ஓய்வுக்குப் பிறகு இயற்கை வழிகாட்டிப் பயிற்சியை முடித்து, பச்சை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாதத்தில் சில சனிக்கிழமைகள் ஆட்களைப் பாந்திக்குக் கூட்டிப் போகிறேன். அவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர்க்காரர்கள். ஜொகூர் பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன் கடந்துவிட வேண்டும் என்று மூன்றரை மணிக்கே வீட்டைப் பூட்டிக் கிளம்பி, குடிநுழைவுச் சோதனையை முடித்து, ஜொகூர் பாருவிலிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே ஓட்டிக்கொண்டு வருவார்கள். இவ்வளவு பாடுபட்டு வருகிறவர்களுக்குப் பறவைகளோடு சேர்த்து நான் காட்ட விரும்புவது ஒன்று உண்டு. ஜொகூர் நீரிணையின் அந்தக் கரை தொலைத்துவிட்ட பறவைகள் சில இந்தக் கரையில் இருக்கின்றன. இந்தக் கரை தொலைத்துக்கொண்டிருக்கும் ஒரு பறவை அந்தக் கரையில் பிழைத்திருக்கிறது.

ஜொகூரிலேயே பெரிய மாவட்டம் கோத்தா திங்கி. ஆனால் சாலையில் வரும்போது இரு பக்கமும் தெரிவது பெரும்பாலும் செம்பனைதான். ஃபெல்டா திட்டங்களும் பழைய தோட்டங்களும் மாறி மாறி வரும். செம்பனைக்குள் எலி பிடிக்கக் கூகைகளுக்குக் கம்பத்தில் பெட்டி கட்டி வைத்திருப்பார்கள். அதைத் தவிர அங்கே நின்று பார்க்க அதிகம் இல்லை. ஒரே மரம், ஒரே உயரம், கீழே பூச்சியும் குறைவு, மேலே பொந்தும் கிடையாது. அந்தச் செம்பனை முடிந்து காட்டு மரங்கள் சாலைக்கு மேல் கவியும் இடத்தில்தான் பாந்தி தொடங்குகிறது. மலை உயரம் சுமார் 500 மீட்டர். நாங்கள் மலை ஏறுவதில்லை. அடிவாரத்துத் தாழ்நிலக் காட்டில், முன்பு மரம் ஏற்றிய லாரிகள் ஓடிய ஒரு மண் பாதையில்தான் நடக்கிறோம். பழைய பங்கர்கள் வழியில் இருப்பதால் எல்லாரும் அதைப் பங்கர் பாதை என்கிறார்கள். பாதை சமதரை, அதனால் முழங்கால் வலிக்காரர்களும் வரலாம். நிரந்தரக் காப்புக் காடு என்பதால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். பாதையில் யானைச் சாணம் கிடந்தால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு உடுப்பிலும் கருவியிலும்தான் கவலை. பச்சையோ பழுப்போ, மங்கின நிறச் சட்டை போதும். அட்டைக் கடிக்கு இறுக்கமாக நெய்த நீள உறை, முழங்கால் வரை. பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்கினால் போதும். 8 என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, ஆகவே அந்த இரண்டாவது எண் முக்கியம். மடங்கு அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்து 12, 16 என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு. கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகித் தெரியும். பறவை இருக்கும் கிளையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

கருவியைவிடக் காதுதான் இங்கே வேலை செய்கிறது. நாற்பது மீட்டர் உயரத்தில் இலைக்கு நடுவே ஒரு பச்சைக் குருவி உட்கார்ந்தால் எந்தக் கண்ணாடியும் அதைக் காட்டாது. குரல் காட்டும். எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்பா பால் வெட்ட இருட்டிலேயே போவார், நெற்றி விளக்கோடு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் பக்கிக் குருவி ‘டொக், டொக்’ என்று தட்டுவதைக் கேட்டுக்கொண்டே, அடுத்த மூச்சில் எத்தனை தட்டு வரும் என்று சகாக்களோடு பந்தயம் கட்டுவாராம். மலாயாவில் அது பழைய விளையாட்டு, சீனரும் மலாய்க்காரரும் கட்டுவார்கள். பக்கியை நேரில் பார்த்தவர்கள் குறைவு. தரையில் சருகு நிறத்தில் படுத்திருக்கும், விளக்கொளி பட்டால் கண் மட்டும் சிவப்பாக மினுங்கும்.

பாந்தியில் ஆளை முதலில் அசத்துவது இறக்கைச் சத்தம். தலைக்கு மேலே ‘ஹூஷ், ஹூஷ்’ என்று காற்றை அறைந்துகொண்டு ஏதோ போகும். நிமிர்ந்து பார்த்தால் இருவாட்சி. வேறு பறவைகளுக்குப் பறக்கும் இறகுகளின் அடிப்பகுதியை மூடிச் சிறு இறகுகள் இருக்கும். இருவாட்சிக்கு அவை இல்லை, இறகுகளுக்கு இடையே காற்று புகுந்து அப்படிச் சத்தம் எழுப்புகிறது. தீபகற்ப மலேசியாவில் பத்து வகை இருவாட்சிகள் உண்டு. மலேசியாவின் தேசியப் பறவையும் அதில் ஒன்றுதான், அலகின் மேல் செம்மஞ்சள் கொம்பு மேல்நோக்கி வளைந்து நிற்கும் பெரிய எங்காங். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே பறக்கும் பெரிய இருவாட்சிக்கு இது நெருங்கிய சொந்தம். பாந்தியை நாடிப் பறவைப் பிரியர்கள் வருவதற்கு இன்னொரு வகையும் காரணம். கொம்பில் சுருக்கம் விழுந்த ஓர் இருவாட்சி, சதுப்பை ஒட்டிய தாழ்நிலக் காட்டை விட்டு விலகாதது. அப்படிப்பட்ட நிலத்தைத்தான் எல்லாரும் முதலில் வெட்டி நடுகிறார்கள் என்பதால் அது அருகிப்போன இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இருவாட்சியின் குடித்தனத்தைச் சொல்லும்போது கூட்டம் அசையாமல் நிற்கும். பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், சேறும் எச்சமும் பழச்சக்கையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்கிறது. அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சை வளர்க்கும் அந்தக் காலம் முழுவதும் ஆண்தான் அத்திப்பழம், பூச்சி, பல்லி என்று கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்ட வேண்டும். ஆணைச் சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பத்துக்குச் சோறு இல்லை. இப்படிச் சுடப்படுவது எது என்றால், தலையில் கெட்டிக் கொம்புள்ள வகை. மற்ற இருவாட்சிகளின் கொம்பு உள்ளே வெற்றாக இருக்கும், இதற்கு மட்டும் தந்தம்போல் செதுக்கலாம். சீனாவில் அந்தச் செதுக்கலுக்கு விலை ஏறியது. 2015-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அபாயத்தில் இருக்கும் இனமாக அறிவித்தது. இதன் குரல் பாந்தியில் எப்போதாவது, தொலைவில்தான் கேட்கும். ‘ஹூப்’ என்று ஒற்றை ஒற்றையாகத் தொடங்கி, நெருங்கி நெருங்கி, கடைசியில் பைத்தியக்காரச் சிரிப்பாக வெடிக்கும். மலாய்க் கிராமத்துக் கதையில் இது மாமியார் வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டிய மருமகன். வெட்டும் சத்தம்தான் அந்த ‘ஹூப்’, வீடு சாய்ந்ததும் சிரிப்பு. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பாட்டி இதைக் கேட்டுத் தன் மருமகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கூட்டமே சிரித்துவிட்டது.

சில நேரம் அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. பிள்ளைகள் முகம் வாடும். “டீச்சர், பறவையெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்பார்கள். போகவில்லை. பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டு காட்டின் வேறு மூலையில் இருக்கின்றன. தாழ்நிலக் காட்டில் இது வழக்கம். சிலம்பன்கள் இலையைக் கிளறிப் போகும், மரங்கொத்தி பட்டையைத் தட்டும், பயந்து பறக்கும் பூச்சியைத் துடுப்புவால் கரிச்சான் அந்தரத்தில் பிடிக்கும். பதிலுக்குக் கழுகு வந்தால் முதலில் கத்துவது கரிச்சான்தான். அந்தக் கூட்டம் நம் பாதையைக் கடக்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு காலை முழுவதும் காணாததைக் கண்டுவிடலாம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். அப்போது நான் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கூட்டம் போன பிறகுதான் பொறுமைக்காரர்களின் முறை. தீக்காக்கை அசையாது. நெஞ்சு குருதிச் சிவப்பு, முதுகு மங்கிய பழுப்பு. மனிதர் வந்தால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். மெல்லத் தலையை மட்டும் திருப்பும்போதுதான் கண்ணைச் சுற்றியுள்ள வளையம் தெரியும். வேறெந்தப் பறவைக்கும் இல்லாத ஓர் அமைப்பு இதன் பாதத்தில் உண்டு: முதல் இரண்டு விரல்களும் பின்னோக்கி, மற்ற இரண்டும் முன்னோக்கி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதும் இதே குடும்பம். சிங்கப்பூரில் முன்பு இருந்தது, இன்று ஒன்றுகூட இல்லை. அந்தத் தீவு தன் ஆதிக் காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிட்டது. அதனால்தான் ஒரு தீக்காக்கைக்காக மூன்றரை மணிக்குக் கிளம்பி வருகிறார்கள்.

ஓடை குறுக்கிடும் இடத்தில் மேலே பார்க்கச் சொல்வேன். நீருக்கு மேல் தொங்கும் கொடியில், வெள்ளம் வடிந்தபின் சிக்கி நிற்கும் குப்பைபோல ஒரு கந்தல் உருண்டை தொங்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதைக் கண்ட எங்களுக்கு அப்படிப்பட்ட குப்பை பழக்கம். ஆனால் இது கறுப்பும் சிவப்புமான அகல அலகுக் குருவியின் கூடு. குப்பை என்று பாம்பும் குரங்கும் ஏமாற வேண்டும் என்றுதான் அப்படி நெய்கிறது. இதே காட்டில் ஓடைக்கே போகாத மீன்கொத்தி ஒன்றும் உண்டு. நீரை விட்டுத் தள்ளி, இருட்டான நடுக்காட்டில் உட்கார்ந்து தேளும் சிலந்தியும் பிடித்துத் தின்னும். கழுத்தில் செம்பழுப்புப் பட்டை.

எனக்குப் பிடித்தது தரையில் நடக்கும் ஒன்று. மெலிந்த கழுத்து, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு, நடக்கும்போது கோழியைப்போல் தலையை முன்னும் பின்னும் ஆட்டும். நீளமாக, ஒரே சுருதியில், ஒரு விசில் அடிக்கும். அவ்வளவுதான் அதன் பாட்டு. உலகத்தில் இந்தக் குடும்பத்தில் இது ஒரே இனம். மரபணுவைப் பார்த்தவர்கள் இதன் நெருங்கிய உறவினர் ஆப்பிரிக்காவில் பாறைப் பகுதிகளில் வாழும் பறவைகள் என்று கண்டுபிடித்தார்கள். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் இதைப் பார்க்க முடியாது. இதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்தும் வருகிறார்கள். இதற்காக வருகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றே: “ஃபோனில் அந்தக் குரலைப் போடுங்கள், வெளியே வந்துவிடும்.” வரும், உண்மைதான். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் வந்துவிட்டது என்று நினைத்துப் பதறி ஓடிவரும். கூட்டில் முட்டை இருந்தால் அதை விட்டு வரும். வாரா வாரம் வெவ்வேறு கூட்டங்கள் இப்படி ஒலிபரப்பினால் அந்தப் பறவை தன் இடத்தையே விட்டுப் போய்விடும். என் கூட்டத்தில் நான் யாரையும் குரல் போட விடுவதில்லை. அதனால் சில பயணங்களில் அது கண்ணில் படாமலே போகும். பணம் கொடுத்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். இருந்தாலும் நான் மாற மாட்டேன்.

இனி நான் முதலில் சொன்ன அந்த இன்னொரு பறவை. பாராவ், தலை வைக்கோல் நிறத்தில் இருக்கும் பெரிய சின்னான். நம் வீட்டுப் பக்கம் வரும் சின்னான்களின் குடும்பம்தான், ஆனால் கிட்டத்தட்ட ஓரடி நீளம், சின்னான்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆற்றங்கரைப் புதரிலும் காட்டின் ஓரத்திலும் வாழும். இரண்டு பறவைகள் மாறி மாறிப் பாடும்போது அந்தக் கரையே நிரம்பிவிடும். அந்தப் பாட்டுதான் அதற்கு வினையாயிற்று. தாய்லாந்தில் அழிந்தது. ஜாவாவில் காட்டில் இல்லாமல் போயிற்று. ஆற்றோரத்தில், ஆள் நடமாட்டத்துக்கு அருகில் இருப்பதால் வலை போடுகிறவர்களுக்கு எளிதாகக் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பாராவ் மூங்கில் கூண்டில் இருந்தது. சாயங்காலம் பெரியவர்கள் அதைக் கேட்கவே அங்கே உட்காருவார்கள். அவர் கெட்டவர் இல்லை, அதற்கு வாழைப்பழம் பிசைந்து கொடுத்த பிறகுதான் தான் சாப்பிடுவார். கூண்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் காட்டில் ஒரு ஜோடி குறைகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஜொகூர் ஆற்றோரம் நான் இப்போது நடக்கும் இடங்களில் பாராவின் பாட்டு இல்லை. 2018-இல் இதுவும் மிக அபாயத்தில் இருக்கும் இனமாயிற்று.

ஆனால் நீரிணையைத் தாண்டி, தன் காட்டில் பெரும்பகுதியை இழந்த சிங்கப்பூரில் அது பாடிக்கொண்டிருக்கிறது. புலாவ் உபின் தீவிலும் தலைத்தீவின் சில பூங்காக்களிலுமாகக் குறைந்தது இருநூறு பறவைகள் இருப்பதாக 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலகத்திலேயே பாராவுக்கு எஞ்சிய முக்கியப் புகலிடங்களில் ஒன்று அந்த நகரம். காரணம், அங்கே வலை போட்டால் பிடித்துவிடுவார்கள். காடு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதை இந்த ஒரு பறவை எனக்குக் காட்டியது. எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது. 1855-க்குப் பிறகு சிங்கப்பூரில் யாரும் பார்த்திராத கறுப்பு வெள்ளை இருவாட்சி, 1994-இல் உபினில் ஒரு ஜோடியாக வந்து இறங்கியது. ஜொகூர்க் கரையிலிருந்து வந்ததாகவே எல்லாரும் கருதுகிறார்கள். பொந்துள்ள பெரிய மரம் இல்லாததால் 2004 முதல் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரத்தில் கட்டினார்கள். இன்று சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டு மாடத்தில் வந்து உட்காரும் அளவுக்கு அது பெருகிவிட்டது.

வேறு பறவைகளும் எல்லை தாண்டுகின்றன. கார்க் கதவுக்குள்ளும் இருக்கைக்கு அடியிலும் திணிக்கப்பட்டு, சோதனைச் சாவடியில் பிடிபட்ட பாடும் பறவைகளைப் பற்றிச் செய்தித்தாளில் அவ்வப்போது வருகிறது. மூச்சுத் திணறிச் செத்தவையும் அதில் இருக்கும். அதனால்தான் 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் மாநாட்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நின்றது எனக்குப் பெரிய சந்தோஷம். அமெரிக்காவும் உடன் நிற்க, பாராவ் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு வணிகம் செய்ய இனி இடமில்லை. சோலைப்பாடியை, இங்கே முராய் பத்து என்று கூண்டில் வைத்துப் போட்டிக்குக் கொண்டுபோவார்களே அதை, இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்த இரண்டு நாட்டுப் பறவை ஆர்வலர்களும் முன்பு ஒரே வீட்டார்தாம். 1940-இல் தொடங்கிய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை 1991-இல்தான் தனியாகப் போனது. பிள்ளைகளுக்கு நான் இரண்டு பெயர்கள் சொல்வது வழக்கம். ஒருவர் ஆலன் ஜெயராஜசிங்கம். மேற்கு மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைகளுக்கு அவர் எழுதி, ஆலன் பியர்சன் ஓவியம் தீட்டிய கையேட்டை 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. என் பையில் இருப்பது அதுதான், மழையில் நனைந்து ஊதிப் போயிருக்கிறது. இன்னொருவர் சிங்கப்பூரின் சுபராஜ் ராஜதுரை. பறவை வழிகாட்டியாகவே வாழ்ந்து, சுங்கை பூலோ சதுப்புநிலம் போன்ற இடங்களைக் காக்கக் குரல் கொடுத்து, 2019-இல் மறைந்தார். தம் இரு மகன்களுக்கும் பறவைகளின் பெயரையே வைத்தவர். பறவை பார்ப்பது வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று சொல்லும் பெற்றோர்களிடம் இந்த இரண்டு பெயர்களையும் நான் அழுத்திச் சொல்வேன்.

வர நினைக்கிறவர்கள் மார்ச் முதல் ஜூன் வரை வாருங்கள். அப்போது பல பறவைகள் கூடு கட்டும், பாடும். அக்டோபர், நவம்பரில் வடக்கேயிருந்து வலசை வரும் தேன்பருந்துகள் எங்கள் தலைக்கு மேலாகத் தெற்கே நீரிணையைத் தாண்டிப் போகும். அதுவும் பார்க்கத் தகுந்தது. டிசம்பர், ஜனவரி வேண்டாம், பருவமழையில் பாதையே தெரியாது. குழு எட்டுப் பேருக்கு மேல் போகக் கூடாது. வாசனைத் தைலம் பூச வேண்டாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்குக் காது கூர்மை.

ஜொகூரில் எந்த ஆற்றோரத்திலாவது இரண்டு பறவைகள் மாறி மாறி, உரத்த குரலில், குமிழிவிட்டுப் பாடுவதைக் கேட்டால், இடத்தின் பெயரோடு படத்தைப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். வலைக்காரர்களும் அதைப் படிக்கிறார்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் தளமே பாராவ் இருக்கும் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைத்து வைக்கிறது. அதில் பதியுங்கள், இல்லையென்றால் மலேசிய இயற்கைச் சங்கத்தின் ஜொகூர்க் கிளைக்குத் தெரிவியுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பறவை என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.